வங்கிக் கிளை மூடினாலும் காசு வசதி ஊரில் இருக்க வேண்டும்: பிரிட்டனில் ஆய்வு கேட்கும் முறை

ஊரின் கடைசி வங்கிக் கிளை மூடப்போகிறது என்ற கடிதம் வந்ததும் பலரும் முதலில் செய்வது, "மூடாதீர்கள்" என்று வங்கிக்கே மனு எழுதுவது. அதில் பலன் கிடைப்பது அரிது. கிளையை மூடவே கூடாது என்று பிரிட்டனில் சட்டம் இல்லை. 2023இல் வந்த நிதிச் சேவைகள், சந்தைகள் சட்டம் காப்பது வேறொன்றை. காசு எடுக்கவும் போடவும் அந்த ஊரில் நியாயமான வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கடன், புதுக் கணக்கு, மேலாளரைப் பார்ப்பது எதுவும் இதில் சேராது. அவற்றை மனுவில் எழுதினால் காசுப் பிரச்சினைதான் அடியில் புதைந்துபோகும்.

நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ இதற்கு வகுத்த விதிகள் 2024 செப்டம்பர் 18 முதல் நடப்பில் உள்ளன. அரசு பட்டியலிட்ட பெரிய வங்கிகளும் பில்டிங் சொசைட்டிகளும் (சேமிப்பும் வீட்டுக் கடனும் தரும், உறுப்பினர்களுக்குச் சொந்தமான அமைப்புகள்) அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. காசு வசதி போதுமா என்று ஊர் ஊராக ஆய்வு செய்வது, ஏடிஎம் வலையமைப்பை நடத்தும் லிங்க் நிறுவனம். கிளை மூடல் அறிவிக்கப்பட்டால் ஆய்வு தானாக நடக்கும். மூடல் இல்லாமலே வசதி போதவில்லை என்றால் குடியிருப்பவர், கடைக்காரர், ஊர்ச் சங்கம் என யாரும் ஆய்வு கேட்கலாம். படிவம் லிங்க் இணையதளத்தில் இருக்கிறது.

படிவத்தைத் திறக்கும் முன், உங்கள் இடத்துக்கு ஏற்கெனவே ஆய்வு முடிவு வந்திருக்கிறதா என்று அங்கேயே தேடிப் பாருங்கள். வந்திருந்தால், அதற்குப் பிறகு என்ன மாறியது என்பதிலிருந்துதான் உங்கள் கோரிக்கை தொடங்க வேண்டும். பிறகு நடந்தே போய்க் கணக்கெடுங்கள். எந்த ஏடிஎம் இலவசம், எது கட்டணம் பிடிப்பது என்று தனித்தனியாகக் குறியுங்கள். கட்டண ஏடிஎம்மை வசதி என்று எண்ணிவிடாதீர்கள். கடைக்குள் இருக்கும் இயந்திரம் கடை பூட்டியதும் கிடைக்காது, அந்த நேரத்தையும் எழுதுங்கள். தபால் நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்த நாள் மூடுகிறது, வரிசை எவ்வளவு நீளம் என்பதும் வேண்டும். எதையும் வாங்காமலே கடையில் காசு எடுக்கும் வசதி சில இடங்களில் உண்டு, ஆனால் அங்கே காசு போட முடியாது.

பலர் கோட்டை விடுவது இந்தப் 'போடும்' பக்கத்தில்தான். நம்மவர் நடத்தும் சின்னக் கடைகளுக்கு உயிரே இதில் இருக்கிறது. ஞாயிறு இரவு கல்லாவை எண்ணி, 1 பவுண்டு நாணயங்களை 20 பவுண்டு பையாகவும், 20 பென்ஸை 10 பவுண்டு பையாகவும், 10 பென்ஸை 5 பவுண்டு பையாகவும் கட்டிவைத்தால், திங்கட்கிழமை அதை எங்கே கொண்டுபோவது? பல டெபாசிட் இயந்திரங்கள் நோட்டை மட்டும் விழுங்கும், நாணயத்தை வாங்காது. "வாரத்துக்கு இத்தனை பை, அருகிலுள்ள இடம் இத்தனை மைல், பஸ்ஸில் போய்வர இத்தனை நிமிடம், அதுவரை கடையைப் பார்க்க ஆள் இல்லை" என்று எழுதும் ஒரு பத்தி, வெறும் ஆயிரம் கையெழுத்தைவிடக் கனமானது என்பது எங்கள் உறுதியான கருத்து. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் எப்படிப் போய்வருகிறார்கள், வழியில் ஏற்றம் இருக்கிறதா என்பதையும் அதே நுணுக்கத்தோடு சொல்லுங்கள்.

தூரத்தைப் பற்றி ஒரு தெளிவு தேவை. நகரத்தில் 1 மைல், கிராமப்புறத்தில் 3 மைல் என்பது அரசின் கொள்கை அறிக்கை பெரும்பாலான மக்களை மனத்தில் வைத்துச் சொன்ன அளவு. ஒவ்வொரு வீட்டுக்குமான உரிமை அல்ல. "எனக்கு 1.2 மைல், ஆகவே சட்டமீறல்" என்ற வாதம் நிற்காது. அந்த 1.2 மைலில் பஸ் இல்லை என்ற வாதம் நிற்கும்.

கடை காசு வாங்க மறுப்பதும் இந்தச் சட்டத்தில் வராது. அந்தப் புகாரைப் படிவத்தில் சேர்க்க வேண்டாம்.

ஆய்வு முடிவை லிங்க் வெளியிடும். குறை இருப்பதாகத் தெரிந்தால் இலவச ஏடிஎம், டெபாசிட் இயந்திரம், அல்லது பல வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் வங்கி மையம் பரிந்துரைக்கப்படும். மையத்தில் கவுண்டரைத் தபால் நிலையங்களை நடத்தும் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் பொதுவாக நடத்தும், வங்கி ஊழியர்கள் ஆளுக்கொரு நாள் முறைவைத்து வருவார்கள். உங்கள் வங்கியின் நாள் எது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். புதிய வசதி பொதுவாக 3 மாதத்துக்குள் வர வேண்டும். மூடல் அறிவிப்பால் நடந்த ஆய்வு என்றால், பரிந்துரைத்த வசதி திறக்கும்வரை பழைய கிளையின் காசுச் சேவையை நிறுத்தக் கூடாது. அதற்குமுன் கதவு பூட்டப்பட்டால் தேதியோடு படம் எடுத்து வங்கிக்கும் லிங்க்குக்கும் எழுதி, நகலை எஃப்சிஏவுக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.

'குறை இல்லை' என்று முடிவு வந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். பழைய வாதத்தையே திருப்பி எழுதாமல், அறிக்கையில் எந்த ஏடிஎம்மை, எந்தத் தபால் நிலையத்தைக் கணக்கில் எடுத்தார்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். பழுதாகிக் கிடக்கும் இயந்திரமோ நேரம் குறைந்துபோன கவுண்டரோ அதில் இருந்தால், அந்த ஒரு வரியைப் பிடித்து எழுதுங்கள். முடிவோடு வரும் காலக்கெடுவை அன்றே குறித்துவையுங்கள்.