ஒரே ஆள், இரண்டு வேடம்: பிரிதிரைக் காட்சி எடுக்கும் முறை

ஒரே காட்சியின் இரு பாதிகளைத் தனித்தனியே எடுத்து ஒன்றாக ஒட்டுவதுதான் பிரிதிரை. 1898இலேயே பிரெஞ்சுத் திரைப்பட முன்னோடி ஜார்ஜ் மெலியெஸ் ஒரே பிலிமைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து தன் தலையை நான்காகக் காட்டிவிட்டார். பின்னாளில் லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியை எடுத்தார்கள். ஒரு பக்கம் சொதப்பினால் இரண்டும் போச்சு. இன்று செல்போனே போதும், ஒழுங்கு மட்டும் அதேதான்.

டிரைபாடை இறுக்கி, அதன் கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (ஒளியின் அளவு), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) மூன்றையும் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் இரு பாதிகளின் நிறமும் ஒட்டாது. ஜன்னல் வெயிலை நம்பாதீர்கள். மேகம் நகர்ந்தாலே இரு பாதிகளும் சேரும் இணைப்புக்கோடு தெரியும்.

அந்த இணைப்புக்கோடு, கதவு நிலை அல்லது தூணின் விளிம்பில் விழும்படி வையுங்கள். முதலில் 10 விநாடி ஆளில்லாத காட்சி, பிறகு இடப்பக்க நடிப்பு, பிறகு வலப்பக்கம். எடிட்டிங்கில் ஒரு பதிவின் மேல் இன்னொன்றை அடுக்கி, மேல் அடுக்குக்கு மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) போட்டு, விளிம்பை 10 பிக்சல் அளவில் மென்மையாக்குங்கள்.

பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது நிழல்தான். கை கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்பவர்கள் நிழலை மறந்துவிடுகிறார்கள். அது பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். விளக்கை உயர்த்தினால் நிழல் குறுகிக் கோட்டை விட்டு விலகும். இரு வேடங்களின் பார்வையும் பொருந்த, மறுபக்க வேடத்தின் கண்மட்டத்தில் ஒரு ஸ்டாண்டை நிறுத்தி அதைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.