பிள்ளை ஜீவனாம்சம்: பாக்கியைச் சேர விடாதீர்கள்

போன வாரம் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு ஜூனியர் என்னை நிறுத்தினார். "மேடம், கிளையன்ட்டுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல பாக்கி. இப்பத்தான் கணக்குப் போட்டேன். மொத்தமா ஒரே மனுவா அடிச்சிடலாம்ல?" முகத்தில் ஒரு பெருமை வேறு. இதே வாக்கியத்தை இதே பெருமையோடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வாய்தாவுக்கு நேரத்துக்கு வாருங்கள், பிறப்புச் சான்றிதழ் நகல் கொண்டு வாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை பெஞ்ச் கிளார்க்கே சொல்லிவிடுவார்.

பாக்கி சேரட்டும் என்று காத்திருப்பது

நான் தனியாக நடத்திய முதல் சில வழக்குகளில் ஒன்று. அந்த அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு. பிள்ளைக்கு மாதம் 6,000 ரூபாய் என்று உத்தரவு வாங்கினோம். அப்பா இரண்டு மாதம் கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஒவ்வொரு முறை கோர்ட்டுக்கு வந்தாலும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். பாவம், அடிக்கடி அலைய வைக்க வேண்டாம், கொஞ்சம் சேர்ந்ததும் ஒரேயடியாகப் போடலாம் என்று நானே நல்ல மனசோடு முடிவு செய்தேன்.

26 மாதம் கழித்து, பாக்கியை வசூலிக்க நிலுவை மனு போட்டேன். மொத்தம் 1,56,000 ரூபாய். மாதவாரியாக அழகாகக் கட்டம் போட்டுக் கணக்கு மெமோவும் வைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே ஒரு வரி சொன்னார். நீதிபதி என் மெமோவை எடுத்து, பதினான்காவது வரிசைக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே இருந்த 12 மாதத்துக்கு மட்டும் வசூல் வாரண்ட். 72,000 ரூபாய். மேலே இருந்த 84,000 அந்த மனுவில் இல்லாமல் போயிற்று.

வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: "அவர் குடுக்கலைன்னு எனக்கு ஏன் மேடம் கழிக்கிறாங்க?"

சட்டத்தில் அது ஒரு சின்ன நிபந்தனை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் இன்னும் 'ஒன் ட்வென்ட்டி ஃபைவ்' என்றுதான் சொல்கிறோம். நம்பர் மாறினாலும் நிபந்தனை மாறவில்லை. ஒரு மாதத் தொகை எந்த நாளில் கொடுக்கப்பட வேண்டியதோ, அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதற்கு வாரண்ட் கிடைக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனி கெடு. ஜனவரிப் பாக்கிக்கு அடுத்த ஜனவரி, பிப்ரவரிப் பாக்கிக்கு அடுத்த பிப்ரவரி. நீங்கள் சேர்த்து வைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பக்கம் மாதம் ஒன்றாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

பழைய பாக்கி மேல் உள்ள உரிமை அடியோடு செத்துவிடாது. 2013-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஓராண்டு கடந்தால் வாரண்ட், சிறை என்ற வழிதான் மூடும், சிவில் வழியில் வசூலிக்கலாம். எதிராளி மாதச் சம்பளக்காரர் என்றால் அந்த வழியும் மோசமில்லை. ஜீவனாம்ச டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ஜப்தியிலிருந்து பாதுகாப்பு. ஆனால் என் கட்சிக்காரரின் கணவர் வாடகைக்கு லோடு ஆட்டோ ஓட்டியவர். வண்டிகூட அவர் பெயரில் இல்லை. எதை ஜப்தி செய்வது? இன்னொரு மனு, இன்னொரு வாய்தா என்றதும் அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அந்தக் கணவரைப் போன்றவர்களிடம் வாரண்ட் பயம்தான் வேலை செய்யும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் கழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கழியாது. இதை 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னை இன்றும் கோபப்படுத்துவது வேறொன்று. இந்த ஓராண்டுக் கெடு பாக்கி வைப்பவர் தரப்புக்கு நன்றாகத் தெரியும். "பேசி முடிச்சுக்கலாம், மனு எதுக்கு, சொந்தக்காரங்களை வெச்சுப் பேசுவோம்" என்று தீபாவளி, பொங்கல், சித்திரை என இழுப்பார்கள். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

இப்போது மூன்று மாதம் பாக்கி விழுந்தால் மனு என்பது என் கணக்கு. அந்த மனு இன்னும் முடியாமல் இருக்கும்போது மேலும் பாக்கி விழுந்தால், பழைய மனுவே அதையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதில்லை. அதற்கும் கெடுவுக்குள் தனியாக ஒன்று.

மனு போடுவதையே தள்ளிப்போடுவது

ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. பிரிந்த தேதியிலிருந்து அல்ல. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த இரண்டு வருடத்துக்கு இந்த மனுவில் காசு கிடையாது.

அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே தொகை

"மாதம் 15,000" என்று மொத்தமாகக் கேட்டு, மொத்தமாக உத்தரவு வாங்கிவிடுகிறார்கள். நாளைக்கு அம்மாவுக்கு வேலை கிடைத்தாலோ மறுமணம் ஆனாலோ முழுத் தொகையையும் ரத்து செய்யச் சொல்லி மனு வரும். பிள்ளையை இரண்டாம் மனுதாரராகச் சேருங்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

"பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்"

பரஸ்பர சம்மத விவாகரத்தில், எப்படியாவது விட்டால் போதும் என்ற களைப்பில் எழுதிக் கொடுப்பது. ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அம்மா விட்டுக்கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டாது. அப்பாக்களுக்கும் சொல்கிறேன், அந்தத் தாளை நம்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

கையில் கொடுப்பது, பொருளாகக் கொடுப்பது

ஒரு அப்பா நிலுவை மனுவுக்குப் பதில் சொல்ல சைக்கிள் கடை பில்லைக் கொண்டுவந்தார். "பையனுக்கு கியர் சைக்கிள் வாங்கிக் குடுத்தேன், ரெண்டு மாசத்துக்குக் கழிச்சுக்கங்க." பையன் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். ஒரு ரூபாய்கூடக் கழியவில்லை. உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கொடுத்தால்தான் கொடுத்தது. ஸ்கூல் ஃபீஸை நேரடியாகக் கட்டப்போகிறீர்கள் என்றால் அதையும் உத்தரவில் எழுத வையுங்கள். மற்றபடி வங்கிக் கணக்கு வழியாக, மாதப் பெயரைக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.

வேலை போனதும் நிறுத்திவிடுவது

தொகையைக் குறைக்க அதே சன்ஹிதாவின் 146-வது பிரிவில் மனு போடலாம். உத்தரவு மாறும்வரை பழைய தொகைதான் ஏறிக்கொண்டிருக்கும்.

பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவது

பிள்ளையைப் பார்க்கக் கேட்பது வேறு மனு. ஜீவனாம்சம் வேறு மனு.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று உட்கார்ந்திருப்பது

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள். போன் நம்பர் 15100.

பாதிப் பணத்துக்கு முழு ரசீது

வாரண்டோடு போலீஸ் வாசலில் நிற்கும்போதுதான் சிலருக்குக் காசு கிடைக்கும். அதுவும் பாதி. "மீதியைத் திங்கட்கிழமை போட்டுடறேன்" என்று சொல்லி, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்ற மெமோவில் கையெழுத்துக் கேட்பார்கள். வாங்கிய தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, 'மீதி பாக்கி' என்று உங்கள் கையாலேயே சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனு முடிந்துபோன பிறகு எந்தத் திங்கட்கிழமையும் வருவதில்லை.

பழைய முகவரியிலேயே வாரண்ட்

ஆள் இல்லை என்று திரும்பிவிடும். வேலை செய்யும் இடம், வண்டி நம்பர், அவருடைய அம்மா வீடு, மூன்றையும் எழுதி உங்கள் வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்து வையுங்கள்.