காரமும் இனிமையும் கலந்த வெனிலா வாசனைத் திரவியம் யாருக்குப் பொருந்தும்?

இலவங்கப்பட்டை, ஏலக்காய், கிராம்பு ஆகியவற்றின் காரம் கலந்த வெனிலா நறுமணம், அதிகம் பேசாமலே அருகில் இருப்பவரை இயல்பாக உணரச் செய்யும் நிதானமான மனிதர்களுக்கே மிகவும் பொருந்துகிறது என்பது என் கருத்து. தெளித்தவுடன் முடிவு செய்துவிடாதீர்கள்; முதலில் மேலெழுவது பெரும்பாலும் மசாலாவின் காரம்தான், மெதுவாக ஆவியாகும் வெனிலாவோ சற்று நேரம் கழித்தே தோலின் வெப்பத்தில் முழுமையாக விரியும். பிரெஞ்சு நிறுவனமான கெர்லேன் 1925-இல் வெளியிட்ட ஷாலிமார் என்ற வாசனைத் திரவியம் இன்றும் விரும்பப்படுவதற்கு, நெடுநேரம் தங்கும் அந்த வெனிலா இனிமையும் ஒரு காரணம். மணிக்கட்டில் ஒருமுறை, காதுக்குப் பின்னால் ஒருமுறை தெளித்தால் போதும். மறுநாள் காலையில் கழற்றி வைத்த சட்டையின் காலரை முகர்ந்தால், காரம் அடங்கி, மெல்லிய இனிப்பு மட்டும் துணியில் தங்கியிருப்பதை உணரலாம். கடும் வெயிலில் இது திகட்டக்கூடும் என்பதால், குளிர்ந்த மாலைகளுக்கென வைத்துக்கொள்ளுங்கள்.