ஸ்கூல் முடிச்சதும் நேரா என்.பி.ஏ: பசங்க எங்க சறுக்குனாங்க?

காலேஜ் போகாம ஸ்கூல்ல இருந்து நேரா என்.பி.ஏ-க்கு, அதாவது அமெரிக்காவோட பெரிய கூடைப்பந்து லீக்குக்கு, கெவின் கார்னெட் 1995-ல போனார், அடுத்த வருஷம் கோபி பிரையன்ட், 2003-ல லெப்ரான் ஜேம்ஸ். பெரிய ஸ்டாரான இந்த மூணு பேரை மட்டும் பாத்துட்டு காலேஜே வேணாம்னு முடிவு பண்றதுதான் முதல் தப்பு. லென்னி குக் ஞாபகம் இருக்கா? ஒரு காலத்துல லெப்ரானுக்கே மேல ரேங்க் வெச்சிருந்த பையன். 2001-ல ஒரு கேம்ப்ல லெப்ரான் அவரை எதிர்த்து ஆடி கடைசி செகண்ட்ல மூணு பாயின்ட் போட்டு ஜெயிச்சார். அடுத்த வருஷம் டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் ரெண்டு ரவுண்டா வரிசையா புது ஆளுங்களை எடுக்கற நிகழ்ச்சியில, லென்னி பேரை யாருமே கூப்பிடல.

என்னைக் கேட்டா பசங்க சொதப்புனது கிரவுண்ட்ல இல்லீங்க, கான்ட்ராக்ட்லதான். முதல் ரவுண்ட்ல எடுத்தா அப்பல்லாம் மூணு வருஷ சம்பளம் கேரண்டி, நீங்க பெஞ்சுலயே உக்காந்திருந்தாலும் காசு வந்துரும், டீமும் பொறுமையா கத்துக்கொடுக்கும். ரெண்டாவது ரவுண்டுன்னா அந்த கேரண்டி கிடையாது, எப்ப வேணா அனுப்பிருவாங்க. 1998-ல கோர்லியோன் யங்கை டெட்ராய்ட் டீம் ரெண்டாவது ரவுண்டுல, 40-வது ஆளா எடுத்துச்சு, மொத்தமே 3 மேட்ச், அவ்ளோதான் என்.பி.ஏ வாழ்க்கை. அதே வருஷம் அதே ரவுண்டுல 32-வதா போன ரஷார்ட் லூயிஸ் பெரிய ஆளானார், இல்லைன்னு சொல்லல, ஆனா அதை நம்பி குதிக்க முடியுமா? "நீ முதல் ரவுண்டு தம்பி"ன்னு கூட இருக்கறவன் சொல்றதும் டீம்காரன் சொல்றதும் ஒண்ணு கிடையாது.

அப்புறம் ஏஜென்ட், அதாவது டீம்கிட்ட கான்ட்ராக்ட் பேசித் தர்றவர். அப்பல்லாம் அவசரப்பட்டு அவர்கிட்ட கையெழுத்து போட்டா காலேஜ் டீம்ல ஆடுற தகுதியே போச்சு, டிராஃப்ட்லயும் எடுக்கலைன்னா ரெண்டும் இல்ல.

எடுத்துட்டாங்கன்னா உடனே ஆட விடுவாங்கன்னு நினைக்கறதும் தப்புதான். ஜெர்மைன் ஓ'நீல் போர்ட்லேண்ட் டீம்ல நாலு வருஷம் பெரும்பாலும் பெஞ்சுலதான், இண்டியானா டீமுக்குப் போன அப்புறம்தான் 6 தடவை ஆல்-ஸ்டார் (லீக்கோட டாப் ஆட்டக்காரங்க மட்டும் ஆடுற மேட்ச்சுக்குத் தேர்வானவர்). 18 வயசு உடம்பை வெச்சுகிட்டு 30 வயசு ஆளுங்க கூட இடிச்சு ஆடணும்ல. குவாமி பிரவுன் 2001-ல முதல் ஆளா எடுக்கப்பட்டவர், அந்த எதிர்பார்ப்பே அவரை அமுக்கிருச்சுன்னு எனக்குத் தோணும்.

2005-ல புது ரூல் வந்துச்சு, 2006 டிராஃப்ட்ல இருந்து அமெரிக்கப் பசங்களுக்கு 19 வயசும் ஆகணும், ஸ்கூல் முடிச்சு ஒரு வருஷமும் ஆகணும். இப்ப காலேஜ்லயே விளம்பரக் காசு சம்பாதிக்கலாம், 2021-ல இருந்து அனுமதி இருக்கு, அதனால குடும்பக் கஷ்டத்துக்காக அவசரப்படுற கட்டாயம் முன்ன மாதிரி இல்ல.

நம்ம பஞ்சாப் பையன் சத்னம் சிங், 7 அடிக்கு மேல உயரம், காலேஜ் பக்கமே போகாம ஃப்ளோரிடா அகாடமியில இருந்து 2015-ல அவரை டல்லாஸ் டீம் 52-வதா எடுத்துச்சு, ஊரே கொண்டாடுச்சு. அதுவும் ரெண்டாவது ரவுண்டுதான். ஒரு என்.பி.ஏ மேட்ச்கூட ஆடல, இப்ப ரெஸ்லிங்ல இருக்கார்.