ஏற்றத்தில் எல்லாத் துறையும் அழகுதான்: படகுக்கு இடம் பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் படகை வாங்கியாயிற்று என்றால், அடுத்து அதை நிரந்தரமாக எங்கே கட்டுவது என்ற கேள்வி வரும். புதியவர்கள் இதற்கு விடை தேடும் விதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் காலத்துப் பிழைகள் அப்படியே திரும்பி வருகின்றன. அதே அவசரம், அதே நம்பிக்கை, கடைசியில் அதே முனகல். வாடகையை ஒப்பிடுங்கள், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள், இரவுக் காவல் உண்டா என்று கேளுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அவை யாருக்கும் தாமாகவே தோன்றிவிடும். மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஒரே ஒரு முறை, அதுவும் ஏற்றத்தில், போய்ப் பார்ப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். தவிர்ப்பதற்குப் பணமும் வேண்டாம், பெரிய அனுபவமும் வேண்டாம். கடல்நீர் எப்போது ஏறும் (ஏற்றம்), எப்போது இறங்கும் (வற்றம்) என்று சொல்லும் ஓத அட்டவணையைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை போதும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த ஒரு படகுத்துறையில் ஓராண்டுக்கு இடம் எடுத்தார். அவர் பார்க்கப் போன நேரத்தில் தண்ணீர் கரைச்சுவரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இங்கே ஆழத்துக்குக் குறைவே இல்லை" என்றார் துறை அலுவலகத்துக்காரர். அந்த வேளைக்கு அது உண்மைதான். கையெழுத்தும் போட்டாயிற்று, முழுப் பணமும் கட்டியாயிற்று.

அடுத்த அமாவாசை கழிந்து அவரோடு நானும் போனேன். படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. எஞ்சினின் கீழ்ப்பகுதி புரொப்பல்லரோடு சேர்த்துச் சேற்றுக்குள் புதைந்திருந்தது. தண்ணீர் ஏறிப் படகு அசையத் தொடங்கியதுதான் தாமதம், மனிதர் எஞ்சினை முடுக்கிவிட்டார். குளிர்விக்கும் தண்ணீரோடு சேறும் உள்ளே போயிற்று. பின்பக்கம் வெளியேறிய தண்ணீர் முதலில் பழுப்பாக வந்தது, பிறகு நூலாக மெலிந்தது, பிறகு வெறும் ஆவி. பம்பைத் திறந்தால், உள்ளே சுழன்று தண்ணீரை இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்களில் இரண்டைக் காணவில்லை. பிய்ந்துபோன துண்டுகள் எந்தக் குழாயில் போய் அடைத்திருக்கின்றன என்று தேடி முடிப்பதற்குள் அன்றைய ஏற்றமும் வடிந்துவிட்டது. "ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவர் பொருமினார். யாரும் ஏமாற்றவில்லை. வற்றத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அவர் கேட்கவே இல்லை.

கேட்க வேண்டியது எண். கடல் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் ஆழம், தண்ணீர் ஏறக்குறைய கடைசிவரை இறங்கிய நிலையில் மிஞ்சும் ஆழம். பெரும்பாலான நாடுகளின் வரைபடங்கள், வானியல் கணக்குப்படி நீர் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தை அடிப்படையாக வைத்துக்கொள்கின்றன. அமெரிக்க வரைபடங்களுக்கு அன்றாடத் தாழ்வான வற்றங்களின் சராசரிதான் அடிப்படை. ஆகவே அங்கே சில நாட்களில் தண்ணீர் அச்சிட்ட ஆழத்துக்கும் கீழே போகும். வரைபட ஆழத்தோடு அந்த வேளையின் ஓத உயரத்தைக் கூட்டினால் கிடைப்பதே அந்த இடத்தில் அப்போது நிற்கும் தண்ணீரின் மொத்த ஆழம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துறையின் வாயில் வரைபட ஆழம் 0.3 மீட்டர். எஞ்சின் முழுதாக இறங்கிய நிலையில் உங்கள் படகு 0.9 மீட்டர் மூழ்கும். அடியில் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். அப்படியானால் ஓதம் 1.1 மீட்டர் உயர்ந்திருந்தால்தான் வாயிலைக் கடக்கலாம். அன்றைய வற்றம் 0.4 மீட்டர், ஏற்றம் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓதம் சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, கடைசி மணியில் ஒன்று என்று ஏறும். முதல் மணி முடிவில் ஓதம் 0.7 மீட்டரைக்கூடத் தொடாது. இரண்டாவது மணி முடியும்போதுதான் 1.2 ஆகும். வற்றத்துக்கு முன்னே ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பின்னே இரண்டு மணி நேரம் துறை உங்களுக்கு மூடிக் கிடக்கும். ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும் கடலில், நாளின் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போய்விடுகிறது. வாடகை மட்டும் 24 மணி நேரத்துக்கும்.

இதோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஓதம் நாளுக்கு 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையிலான 15 நாளில் அது ஏறக்குறைய 12 மணி நேரமாகிவிடும். விளைவு, ஒரு குறிப்பிட்ட துறையில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய வற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். உங்கள் துறையில் அது மாலை ஆறு மணியை ஒட்டி வருவதாக இருந்தால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும், நீங்கள் கடலிலிருந்து திரும்பும் வேளையில்தான் வாயில் காய்ந்து கிடக்கும். வேறொரு துறையில் அதே வற்றம் நள்ளிரவிலும் நண்பகலிலும் வரலாம். அங்கே காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குத் தொல்லை குறைவு. இரண்டு துறைகளை ஒப்பிடும்போது வாடகைப் பட்டியலுக்கு முன்னால் இதைப் பாருங்கள். எந்தத் துறை அலுவலகமும் தானாக முன்வந்து இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

முகத்துவாரத்தில் மணல் திட்டு இருந்தால் கதை இன்னும் கடுமையாகும். வடியும் நீரோட்டம் வெளியே பாய, கடலிலிருந்து வரும் அலை அதை எதிர்த்து ஏற, அலைகள் குட்டையாகி, செங்குத்தாகி, திட்டின் மேல் உடையும். கடல் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அலையின் முதுகு மட்டுமே தெரியும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். உள்ளே நுழைகிறவருக்கு எல்லாம் சாதுவாகத் தோன்றும். பாதி வழியில் பின்னாலிருந்து அலை தூக்கிப் படகைக் குறுக்காகத் திருப்பிப் போட்ட பிறகுதான் விஷயம் புரியும்.

மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் ஓதம் சில பத்து சென்டிமீட்டர்தான் ஏறி இறங்கும். அங்கே துறை தேடுகிறவர் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் தாண்டிப் போகலாம். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் அந்த வித்தியாசம் 16 மீட்டர்வரை போகும். உங்கள் கடல் எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காற்றழுத்தமும் தன் பங்குக்கு விளையாடும். அழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும். அட்டவணையில் சரியாக இருந்த 20 சென்டிமீட்டர், அழுத்தம் கூடிய நல்ல வெயில் நாளில் காணாமல் போவது இப்படித்தான்.

ஆகவே அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஓரிரு நாள் கழித்து, வற்ற நேரத்தில் போய் நில்லுங்கள். தூண்களில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும் கோடு தண்ணீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள். எந்தப் படகுகள் சாய்ந்திருக்கின்றன, எவை மிதக்கின்றன என்று பாருங்கள். கயிற்றில் ஒரு எடையைக் கட்டி உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் இடத்திலேயே இறக்கி அளந்து பாருங்கள். வாயில் ஆழமாக இருந்து உள்வழி மேடாக இருக்கும், அல்லது இரண்டும் சரியாக இருந்து உங்கள் இடம் மட்டும் மேடாக இருக்கும். அலுவலகத்தில் சொல்லும் ஆழம் பெரும்பாலும் மிக ஆழமான இடத்தினுடையது. உங்களுக்கு வேண்டியது மிக ஆழம் குறைந்த இடத்தினுடையது.

வற்றத்தில் தண்ணீர் வெளியேறாமல் தடுக்க மதகுக் கதவு வைத்த துறைகளை இந்த விஷயத்தில் நான் மதிக்கிறேன். இந்த நேரம் முதல் இந்த நேரம்வரைதான் திறப்போம் என்று பலகையில் எழுதியே வைத்துவிடுகிறார்கள்.

வேகத் தடை உள்ள கால்வாயை மறப்பது

உங்கள் படகு 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) ஓடலாம். துறையிலிருந்து திறந்த கடல்வரை 4 கடல் மைல், வேக வரம்பு 5 நாட் என்றால், வெளியே போக 48 நிமிடம், திரும்ப 48 நிமிடம். வார இறுதி அரைநாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தே கழியும். வரம்பை மீறினால் உங்கள் படகு எழுப்பும் அலை கட்டியிருக்கும் படகுகளை மேடையில் மோதவைக்கும். சேதத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பாய்மரக்காரருக்கு இந்தக் கால்வாய் பயணத்தின் ஒரு பகுதி. வேகத்துக்காகப் படகு வாங்கியவருக்கு அது தண்டனை.

பாலம்

உயரத்தை ஏற்றத்தில் கேளுங்கள், வற்றத்தில் அல்ல.

பெட்ரோல் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வது

"எரிபொருள் வசதி உண்டு" என்றால் பல துறைகளில் டீசல் மட்டும்தான். பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர் கேனில் சுமந்து வர வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சிந்தினால் அது படகின் அடித்தளத்தில் போய்த் தங்கும், ஒரு தீப்பொறி போதும். அடுத்த பெட்ரோல் நிலையத்துக்குப் போகவர ஆகும் எரிபொருளையும் கணக்கில் சேருங்கள். போக மூன்றில் ஒன்று, திரும்ப ஒன்று, கையிருப்பு ஒன்று என்ற வழக்கம் பிறகு நீங்கள் போகக்கூடிய தூரத்தைச் சுருக்கிவிடும்.

கரை மின்சாரத்தை வெறும் வசதியாகப் பார்ப்பது

மின்கம்பியைச் செருகியவுடன் அதன் எர்த் கம்பி வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. உப்புத் தண்ணீர் நடுவில் இருக்கிறது. முடிவில் யாருடைய உலோகமோ கரைகிறது. மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையட்டும் என்று படகில் பொருத்திய துத்தநாகக் கட்டி பாதி ஆண்டிலேயே தேய்ந்துபோனால், அது பக்கத்துப் படகின் எஃகையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கலாம். கட்டி தீர்ந்த பிறகு அடுத்த இரை, தண்ணீருக்குள் நிற்கும் அலுமினிய எஞ்சின் கால். எர்த் கம்பி வழியே ஓடும் இந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் பொருத்திக்கொள்ளுங்கள். நன்னீர்த் துறைக்குப் போகிறவர்கள் துத்தநாகத்தை விட்டு மக்னீசியத்துக்கு மாற வேண்டும். உப்பும் நன்னீரும் கலந்த இடத்துக்கு அலுமினியக் கட்டி. துறை மாறுகிறவர்கள் அநேகமாக இதை மறந்துவிடுகிறார்கள்.

உணவகம் நன்றாக இருக்கிறது என்று இடம் எடுப்பது

சாப்பிடக் காரிலேயே போகலாம்.

கடைசி இடத்தின் கவர்ச்சி

மேடையின் வெளிமுனை இடம் எல்லாருக்கும் பிடிக்கும். திருப்ப எளிது, காட்சியும் அழகு. ஆனால் காற்று எந்தத் திசையில் அதிக நீர்ப்பரப்பைக் கடந்து வருகிறதோ அந்த அலை முழுவதும் முதலில் அங்கேதான் அடிக்கும். கட்டியிருக்கும் பழைய படகுகளின் கயிறுகளைப் பாருங்கள். உராயும் இடத்தில் ரப்பர் குழாயும் துணியும் சுற்றியிருந்தால், அங்கே காற்றில்லாத நாளிலும் படகு இழுபடுகிறது என்று பொருள். தூரத்துப் புயலின் நீண்ட அலை துறைக்குள் நுழைந்து முன்னும் பின்னும் ஆடுவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கயிறு மட்டும் அறுந்துகொண்டிருக்கும்.

ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திடுவது

முழுதும் வாசியுங்கள் என்று சொன்னால் யாரும் வாசிப்பதில்லை. நான்கு இடங்களையாவது தேடுங்கள். வெளி மெக்கானிக் வரலாமா? புயல் எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்றும் வரிசையில் உங்களுக்கு இடம் உண்டா, அல்லது நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமா? படகின் நீளம் எப்படி அளக்கப்படும்? பின்பக்கக் குளியல் மேடையும் தூக்கி நிறுத்திய அவுட்போர்டு எஞ்சினும் பெரும்பாலும் கணக்கில் சேரும். விற்பனைத் தாளில் உள்ள நீளம் அல்ல. நான்காவது, ஆழம் குறித்து ஏதாவது எழுதியிருக்கிறார்களா? முகத்துவாரத் துறைகளில் மண் ஆண்டுதோறும் படியும். கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், அடுத்தது எப்போது, அதற்கு யார் பணம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வாய்மொழியாக மட்டும் வந்தால் ஆண்டு வாடகைக்குப் பதில் மூன்று மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மாத வீதம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும்.