பழைய அலாய் வீலைப் பளபளப்பாக்கப் போய்ப் பாழாக்காதீர்கள்

பழைய காரின் அலாய் வீலைப் புதுசாக்கக் கிளம்புகிறவர்களில் பலரும் முதலில் கைவைப்பது பாத்ரூம் ஆசிட் பாட்டிலில்தான். ஊற்றியதும் பொங்கும், பல வருஷக் கறை கரைந்து ஓடும், பார்க்கத் திருப்தியாகவே இருக்கும். ஆனால் பொங்குவது அழுக்கு மட்டும் இல்லை, அலுமினியக் கலவையில் செய்த வீலும்தான். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது அலுமினியத்தின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிட்டு, அடியில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் வெளிறிப்போய், புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும்.

ஆசிட் வேண்டாம், சரி, காஸ்டிக் சோடா போடலாமா என்று கேட்பார்கள். அதுவும் கூடாது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் உலோகம் அலுமினியம். சோடா கலந்த பவுடர் போட்டுத் தேய்த்த அலுமினியச் சட்டி கறுத்துப்போவதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். வீலுக்கென்றே விற்கும் கிளீனர்களிலும் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் சேர்ந்திருக்கும். அது தோலுக்குள் ஊடுருவிப் போய், சில நேரம் மணிக்கணக்கு கழித்துத்தான் வலியையே காட்டும். லேபிளில் அந்தப் பெயரோ அம்மோனியம் பைஃப்ளோரைடு என்றோ இருந்தால் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கார் ஷாம்பு, மெல்லிய பிரஷ், பொறுமை, இவையே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் ஒட்டிக் கறுத்திருந்தால் ‘அயர்ன் ரிமூவர்’ வாங்கி அடியுங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் ஊதா நிறமாக வழியும். அது காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, வீலின் மேற்பரப்பு என்ன என்று பார்க்காமலே பாலிஷ் டப்பாவைத் திறப்பது. கம்பெனியிலிருந்து வரும் அலாய் வீல்கள் பெரும்பாலும் வெறும் உலோகமாக இருப்பதில்லை. பெயின்ட்டோ, கிளியர் கோட் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சோ, இரண்டுமோ மேலே இருக்கும். அதன் மேல் மெட்டல் பாலிஷைப் போட்டுத் தேய்த்தால் அந்தப் பூச்சுதான் மங்கும், அலுமினியத்தைப் பாலிஷ் தொடவே தொடாது. கண்டுபிடிப்பது சுலபம். ஓர் ஓரத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு அங்கே தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே கோட்டிங் இருக்கிறது, கார் பாடிக்குப் போடும் பாலிஷும் வேக்ஸும் போதும். கழுவாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், பிரேக் தூசியே துணியைக் கறுப்பாக்கிவிடும்.

பழைய வீலில் சிக்கல் என்னவென்றால், பாதி இடத்தில் கோட்டிங் இருக்கும், பாதி போயிருக்கும். சென்னையில் கடலோரமான பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் வெளியிலேயே நிற்கும் கார்களில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். கல் பட்டோ பிளாட்பாரத்தில் உரசியோ ஒரு கீறல் விழுந்திருக்கும். அதன் வழியாக உப்பு ஈரம் இறங்கி, கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் நீளும். மேலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் அதைத் தொட முடியாது. அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து மேலே ஸ்ப்ரே அடிப்பவர்களும் உண்டு. அடியில் அரிப்பு மிச்சமிருப்பதால் கோடு பக்கத்திலேயே மறுபடி கிளம்பும். பழைய பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அப்புறம் தேய்க்கும் பொருள். இரும்புக் கம்பி நாரும் வயர் பிரஷும் வீல் பக்கமே வரக்கூடாது. உடைந்த இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து துருப்புள்ளிகளாகும், ஈரம் பட்டால் அதைச் சுற்றியுள்ள அலுமினியமும் சீக்கிரம் அரிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர்தான் சரி (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்), ஆனால் 400-ல் தொடங்கி நேரே 2000-க்குத் தாவக்கூடாது. 400, 600, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக, தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு முறையும் திசை மாற்றித் தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கோடுகள் முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் கடைசியில் பாலிஷ் ஏறியதும், வெயிலில் அந்தக் கோடுகள் பல்லைக் காட்டும்.

இவ்வளவு பாடுபட்டு வரும் கண்ணாடிப் பளபளப்பு சென்னைக் காற்றில் நிற்குமா? வெறும் அலுமினியம் சீக்கிரமே மங்கத் தொடங்கும், சீலன்ட்டோ வேக்ஸோ அடிக்கடி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் பழைய காருக்கு அந்தச் சுகம் சரி. தினமும் ஓ.எம்.ஆர். சாலையில் ஓடும் வண்டிக்கு, பெயின்ட் பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங்தான் என் ஓட்டு. பட்டறையில் இரண்டு விஷயம் மட்டும் பேசிக்கொள்ளுங்கள். அடுப்பின் சூடு எவ்வளவு என்று கேளுங்கள், அளவு மீறிய சூடு வார்ப்பு வீலின் பலத்தைக் குறைக்கும். நட் உட்காரும் இடத்திலும், வீல் ஹப்போடு (காரில் வீலை மாட்டும் மையப் பகுதி) பொருந்தும் முகத்திலும் தடிமனாகப் பூச்சு ஏறக்கூடாது. ஏறினால் பின்னால் அது நசுங்கி நட் தளரும்.

டயரைக் கழற்றியிருக்கும்போதே உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். வாரா வாரம் காற்றடித்தும் இறங்குகிறது, பஞ்சரும் இல்லை, வால்வும் மாற்றியாயிற்று என்றால், டயரின் விளிம்பு உட்காரும் வளையத்தில் அலுமினியம் அரித்துப் பூத்துப்போய் இருக்கலாம். அதைச் சுத்தம் செய்தால்தான் காற்று நிற்கும். மழைக்காலப் பள்ளங்களில் அடிவாங்கிய வீலின் விரிசலும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் ஒளிந்திருக்கும். சென்னையின் பழைய கார் பாகங்கள் சந்தையான புதுப்பேட்டையில் பழைய வீல் வாங்குகிறவர்களும் மின்னும் முகப்பை விட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். விரிசல் இருந்தால் பாலிஷும் வேண்டாம், பட்டியும் வேண்டாம், வேறு வீல் தேடுங்கள்.

கழுவும் விஷயத்தில் சின்னதாக ஒன்று. வெளியே ஓடிவிட்டு வந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், கிளீனர் அப்படியே காய்ந்து திட்டாகிவிடும். ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கார் கழுவுவது நல்ல பழக்கம்தான். ஆனால் உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, காய்ந்தால் வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். கடைசி அலசல் மட்டும் மெட்ரோ தண்ணீரில் (குடிநீர் வாரியம் விடும் குழாய்த் தண்ணீர்) செய்து, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். போர் தண்ணீரைத் தானாகக் காயவிட்டாலும் அதே வெள்ளைப் பொட்டுகள்தான்.

மாட்டும்போது பிரேக் டிஸ்க்கில் பாலிஷோ வேக்ஸோ பட்டிருந்தால் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்த பிறகே வீலை ஏற்றுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள்.