எல்லையோரத்தில் தாய்சேய் நல ஆய்வு செய்வது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் பல வீடுகளின் பேச்சு தமிழ். அரசுப் பதிவேட்டின் மொழி மலையாளம். தலைப்பிரசவத்துக்குப் பெண் போகும் தாய்வீடோ பலருக்குப் பொள்ளாச்சிப் பக்கம். இங்கே தாய், சிசு மரணங்களை ஆராய வரும் மாணவர், யாரைத் தம் கணக்கில் சேர்ப்பது என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஆகவே கொழிஞ்சாம்பாறையில் கர்ப்பத்தைப் பதிந்து, மாதாமாதம் அங்கேயே பரிசோதனை செய்துகொண்ட பெண் பொள்ளாச்சியில் பெற்றால், அந்தப் பிறப்பு தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஏறும்.

என் முதல் ஆய்வில் ஒரு மருத்துவமனையின் பிரசவப் பதிவேட்டை மட்டும் நம்பி, வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனவர்களை முழுவதுமாக விட்டுவிட்டேன். கிடைத்த மரண விகிதம் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது. அதன்பின் ஊரில் வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரான ஆஷாவின் கர்ப்பிணிப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமும் பிரசவத்துக்கு எங்கே போவதாக எண்ணம் என்று முன்கூட்டியே கேட்டு, தாய்வீட்டுத் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு, பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை தொடர வேண்டும். தாய் மரணத்தின் வரையறை அந்த 42 நாளையும் உள்ளடக்கியது.

சிசுவின் கணக்கில் கர்ப்ப வாரம்தான் வில்லங்கம். நாடுகளை ஒப்பிடுவதற்கு உலக சுகாதார நிறுவனம் 28 வாரம் நிறைந்தபின் உயிரின்றிப் பிறப்பதை எடுத்துக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்போ, பிறப்பை ஒட்டிய காலத்தைக் கர்ப்பத்தின் 22 வாரத்திலிருந்து தொடங்கி, பிறந்து ஏழு நாள் நிறையும் வரை கொண்டுபோகிறது. எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதையே நம்பலாம். இல்லாதபோது கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளை, அதாவது கடைசி மாதவிலக்கு நாளைக் கேட்க நேரும். அந்தப் பெண் மாசி என்பார், அவரது கர்ப்பிணி அட்டையில் கும்பம் என்று மலையாள மாதம் இருக்கும். இரண்டும் ஒரே மாதம்தான் என்றாலும் மாதப் பிறப்பு சில சமயம் ஒரு நாள் தள்ளி வருவதால், இரு பஞ்சாங்கங்களையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. தேதி நினைவில்லாதவரிடம் சித்தூர்க் கொங்கன்படைத் திருவிழாவுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் பெரும்பாலும் விடை வரும்.

குழந்தையை இழந்த வீட்டில் கேள்வியின் சொல்லமைப்பே முடிவை மாற்றிவிடும். ‘உயிரோடு பிறந்ததா?’ என்று கேட்டால், ஒரு மூச்சு விட்டு அடங்கிய பிள்ளையையும் ‘இல்லை’ என்றே சொல்லிவிடுவார்கள். ‘அழுததா, கைகால் அசைந்ததா, மூச்சு வாங்கியதா?’ என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். உடலின் தோல் உரிந்திருந்ததா என்பதையும், தயங்கித் தயங்கியாவது கேட்டாக வேண்டும்; உரிந்திருந்தால் வலி எடுக்கும் முன்பே உயிர் போயிருக்கக்கூடும், உரியாதிருந்தால் பிரசவ நேரக் கவனிப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒப்புதல் படிவத்தைத் தமிழ், மலையாளம் இரண்டிலும் வைத்திருங்கள். தமிழ் பேசுபவர் எல்லாரும் தமிழ் வாசிப்பவர் அல்லர்.

தாய் மரண விகிதத்தை ஊராட்சி அளவில் கணக்கிட வேண்டாம் என்பது என் கருத்து. இந்திய அரசின் 2018-20 மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி லட்சம் உயிர்ப்பிறப்புக்குக் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54. 2,000 பிறப்பு நிகழும் பகுதியில் ஒரே ஒரு மரணம் நேர்ந்தால் விகிதம் 50 ஆகிவிடும். அடுத்த ஆண்டு பூஜ்யமாகலாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மரணத்தையும் முடிவெடுப்பதில், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதில், சிகிச்சை கிடைப்பதில் எங்கே தாமதம் என்று ஆராயலாம். கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் நடத்தும் ரகசிய மரண ஆய்வில் பெயர்கள் நீக்கப்பட்டே ஆவணங்கள் பரிசீலிக்கப்படுகின்றன. சிற்றூர் ஆய்வில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. வயது, வார்டு, இறந்த மாதம் மூன்றும் சேர்ந்தாலே ஊரார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். எனவே வார்டு எண்ணையும் மாதத்தையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, வயதை ஐந்தாண்டுப் பிரிவாக எழுதுங்கள்.